பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு பெட்டி

கடற்பாலம்

சிங்கப்பூரின் ஊட்லண்ட்ஸிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போகும் கடற்பாலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். 1924இல் திறந்து வைத்தார்கள். விடியுமுன் ஒரு கூட்டம் அதன் மேல் தெற்கே வேலைக்குப் போகிறது. சனிக்கிழமையானால் இன்னொரு கூட்டம் வடக்கே சாமான் வாங்க வருகிறது. முடி வெட்ட, பல் பார்க்க, காருக்கு டயர் மாற்ற, ஒரு வாரத்து மளிகையை அள்ளிக்கொண்டு போக. சிங்கப்பூர்க்காரர் கையில் இருக்கும் ஒரு வெள்ளி பாலம் தாண்டியதும் மூன்று வெள்ளிக்கு மேல் ஆகிவிடுகிறது. பிறகு கூட்டம் எப்படி ஓயும்? (இரண்டு நாட்டுத் தமிழரும் தங்கள் பணத்தை வெள்ளி என்றே சொல்கிறார்கள். குழப்பம் வேண்டாமென்று மலேசியப் பணத்தை இங்கே ரிங்கிட் என்றே எழுதுகிறேன்.)

எனக்கு மளிகை வேண்டியிருக்கவில்லை. நான் விசாரிக்கப் போனது வீடியோ கேம் பெட்டிகளைப் பற்றி. எங்கள் குடும்பத்துப் பிள்ளைகளில் சென்னையில் இருப்பவனிடம் பிளேஸ்டேஷன், டெக்சஸில் இருப்பவனிடம் எக்ஸ்பாக்ஸ், ஒசாகாவில் வேலை பார்க்கும் பெண்ணிடம் நிண்டெண்டோ. மூவரும் தங்கள் பெட்டிதான் உசத்தி என்று சாதிப்பார்கள். பெட்டியை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை, இருக்கிற ஊர்தான் எடுத்துக் கையில் கொடுத்தது என்று சொன்னால் மூவருக்கும் கோபம் வரும். இரண்டு சந்தைகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் இடத்தில் போய்ப் பார்த்தால் விளங்கும் என்று நினைத்தேன். அதற்கு ஜொகூரைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை.

பிளேஸ்டேஷன் 5 சிங்கப்பூரில் 2020 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. விலை 729 சிங்கப்பூர் வெள்ளி. மலேசியாவில் டிசம்பரில், 2,299 ரிங்கிட். இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில், 49,990 ரூபாய். சிங்கப்பூர் விலையை அன்றைய மாற்று விகிதத்தில் ரிங்கிட் ஆக்கிப் பார்த்தால் மலேசிய விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. பெட்டிக்குப் பாலம் ஒரு பொருட்டே இல்லை. சம்பளத்துக்கு அப்படியா? அந்த ஆண்டில் மலேசிய நகரங்களில் சட்டப்படியான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,200 ரிங்கிட். ஏறக்குறைய இரண்டு மாதக் கூலி ஒரு பெட்டிக்கு.

ஜாலான் உங்கு புவான்

குடிநுழைவு வரிசையை விட்டு வெளியே வந்து சிறிது நடந்தால் ஜாலான் உங்கு புவான். 1911இல் எழுந்த ராஜமாரியம்மன் ஆலயம், சுற்றிலும் பூக்கடை, பாத்திரக்கடை, புடவைக்கடை. காலை வெயிலுக்கு முன்பே சாம்பார் வாசனை தெருவில் இறங்கிவிட்டது. உணவுக் கடையில் உட்கார்ந்ததும் பரிமாறும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "பசியாறிட்டீங்களா?" நம் ஊரில் இந்த நேரத்துக்கு "சாப்பிட்டாச்சா" என்போம். ரொட்டி சானாய், பருப்புக் குழம்பு, நுரை நிறைந்த தே தாரிக் வந்தன. ரொட்டியை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து ஓர் அடி அடித்து, அடுக்குகள் விரிந்து நிற்கும்படி தட்டில் போட்டார்கள்.

அடுத்த மேசைப் பெரியவர் கூலாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். கித்தா (ரப்பர்) மரம் வெட்டிய குடும்பம், பிறகு செம்பனை. நான் வந்த காரியத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"டிவி கேமைத் தேடியா தம்பி இவ்வளவு தூரம்? எங்க தோட்டத்துல மொதமொத வாங்கினது கணக்கெழுதுற கிராணி வீடு. லயத்துப் பிள்ளைங்க பூராவும் அவங்க வீட்டு ஜன்னல்லதான் தொங்கிக்கிட்டு கிடக்கும். மைக்ரோ ஜீனியஸ். மரியோ, காண்ட்ரா. யாரு செஞ்சது, எந்த நாட்டுதுன்னு யாருக்குத் தெரியும்?"

மைக்ரோ ஜீனியஸ் தைவானில் செய்தது. நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டியின் நகல். அசல் எட்டிப் பார்க்காத ஊர்களில் இப்படி ஒவ்வொரு நகல் ராஜாவாக இருந்தது. போலந்தில் அதன் பெயர் பெகாசஸ். ரஷ்யாவில் 1992 முதல் டெண்டி. நம் ஊரில் சாமுராய், மீடியா என்று பல பெயர்களில் கிடைத்தது. கேசட்டின் மேல் '9999999 இன் 1' என்று அச்சடித்திருக்கும். உள்ளே ஏழெட்டு விளையாட்டுகளே பெயர் மாற்றிப் பெயர் மாற்றித் திரும்பி வரும். படம் கலங்கினால் கேசட்டைப் பிடுங்கி வாயால் ஊதி மறுபடி சொருகுவோம். கூலாயிலும் ஊதினார்களாம். அமெரிக்கப் பிள்ளைகளும் ஊதினார்கள் என்பதுதான் வேடிக்கை. அவர்கள் ஊதியது காசு கொடுத்து வாங்கிய அசல் கேசட்டை.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் சென்னைப் பிள்ளைகளுக்கும் மரியோ தெரியும், நிண்டெண்டோ தெரியாது. நிண்டெண்டோ என்ற பெயரோடு வளர்ந்த அமெரிக்கர் தன் மகனுக்கும் அதையே வாங்குகிறார். பெயரே காதில் விழாத ஊரில் அந்தப் பாசம் எங்கிருந்து வரும்?

ஹாலிடே பிளாசா

தாமான் செஞ்சுரியில் இருக்கும் ஹாலிடே பிளாசாவுக்கு வயதாகிவிட்டது. நகரத்தில் புதிது புதிதாக எத்தனையோ பேரங்காடிகள் வந்த பிறகும், கைப்பேசி, கணினி, கேம் என்றால் ஆட்கள் இங்கே வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். மின்படியில் ஏறினால் இரண்டு பக்கமும் கண்ணாடிப் பெட்டிக் கடைகள். மலாய், சீனம், தமிழ், சிங்கப்பூர் ஆங்கிலம் எல்லாம் ஒரே நேரத்தில் பேரம் பேசுகின்றன. சென்னையின் ரிச்சி தெருவைக் குளிர்சாதன வசதியோடு மாடிக்கு ஏற்றியது போல இருந்தது.

ஒரு கடையில் நம் ஆள். மாசாய்க்காரர், நாற்பது தாண்டியவர். பள்ளி முடித்த கையோடு ஒரு சீனத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) வேலைக்குச் சேர்ந்து சால்டரிங் பிடிக்கக் கற்றவர். இப்போது சொந்தக் கடை. பேசிக்கொண்டே ஒரு கண்ட்ரோலரைத் திறந்து, தானாகச் சாய்ந்துகொள்ளும் குச்சியைக் கழற்றினார். உள்ளே விரல்நகம் அளவுள்ள பச்சை வட்டத்தில் கருப்புத் தடம் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. அதை முள்வாங்கியால் தொட்டுக் காட்டினார். "பந்து ஆடுற பையன் அண்ணே இவன். ஓடுற பக்கமே அழுத்தி அழுத்தித் தேச்சிருக்கான்."

அவரிடம் கேட்டேன்: மலேசியாவில் கேம் பெட்டி என்றாலே பிளேஸ்டேஷன் என்று ஆனது எப்படி?

"சீடி அண்ணே, சீடி. கேசட்டை யாரு நகல் எடுப்பா? சீடியை யாரு வேணாலும் எடுப்பா."

இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. 1996இல் வந்த நிண்டெண்டோ 64க்குக் கேசட்டே போதும் என்று கியோட்டோவில் இருந்த நிண்டெண்டோக்காரர்கள் முடிவெடுத்தார்கள். சோனி அதற்கு முன்பே சீடிக்குப் போயிருந்தது. கேசட் உற்பத்திக்குச் செலவு அதிகம், நகலெடுப்பது கஷ்டம். நிண்டெண்டோ 64 உலகம் முழுக்க விற்றது சுமார் 3.3 கோடி, அதில் இரண்டு கோடிக்கு மேல் அமெரிக்கக் கண்டங்களில். முதல் பிளேஸ்டேஷன் பத்து கோடியைத் தாண்டியது. காசு கொடுத்து கேசட் வாங்கக்கூடிய வீடுகள் இருந்த இடத்தில் நிண்டெண்டோ தாக்குப்பிடித்தது. சில ரிங்கிட்டுக்குத் திருட்டு சீடி கிடைத்த ஊரில் அதற்கு இடமே இல்லாமல் போயிற்று.

அந்தக் காலத்தைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல எனக்கு சென்னை பர்மா பஜார் ஞாபகம். பெட்டியைத் திறந்து மதர்போர்டில் சிறு சிப் ஒன்றைப் பற்றவைத்தால் நகல் சீடியும் ஓடும். லென்ஸ் களைத்துவிட்டால் பிளேஸ்டேஷனைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு ஆடுவார்கள். சென்னையில் மணிக்கணக்குக்கு ஆட விடும் கடைகளிலும் பெட்டிகள் அப்படித்தான் கவிழ்ந்து கிடந்தன. இங்கே கடையில் சீடியை அடுக்கி வைக்க மாட்டார்களாம். அட்டைப் படங்களை ஃபைலில் சொருகிக் காட்டுவார்கள், வாடிக்கையாளர் விரலை வைத்ததும் ஒரு பையன் எங்கோ ஓடிப்போய் எடுத்து வருவான். சிங்கப்பூரிலிருந்து வாரக்கடைசியில் வருகிறவர்கள்தான் பெரிய கிராக்கி.

அரசு சும்மா இருக்கவில்லை. 2000இல் ஒளிவட்டுச் சட்டம் வந்தது. 2007 மார்ச்சில் லக்கி, ஃப்ளோ என்ற இரண்டு லாப்ரடார் நாய்கள் மலேசியாவுக்கு வந்தன. வட்டுகளின் பிளாஸ்டிக் வாசனையை மோப்பம் பிடிக்கப் பழக்கப்பட்டவை. அமெரிக்கத் திரைப்பட நிறுவனங்களின் சங்கம் அனுப்பியது. அவை முதலில் கைவரிசை காட்டியது இதே ஜொகூர் பாருவில். ஏறக்குறைய பத்து லட்சம் வட்டுகள் சிக்கின. ஆத்திரமடைந்த கும்பல்கள் நாய்களின் தலைக்கு விலை வைத்ததாகச் செய்திகள் வந்து, அவற்றுக்குக் காவல் போட வேண்டியதாயிற்று.

திருட்டு சீடியை நியாயப்படுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். திருட்டு சீடியில் பழகிய கைதான் இன்று பிளேஸ்டேஷன் 5க்குக் காசு கட்டுகிறது. இணையம் வந்து, நகல் ஓடுவது நின்றபோது அந்தப் பையன்கள் சம்பாதிக்கத் தொடங்கியிருந்தார்கள். நண்பன் எதில் ஆடுகிறானோ அதையே வாங்கினார்கள். 2020இல் சோனி தன் விளையாட்டுகளுக்கான பணிமனை ஒன்றையே கோலாலம்பூரில் திறந்தது.

கடைக்காரர் இரண்டு சொற்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். மலேசியா செட், ஏ.பி. செட். முதலாவது நிறுவனமே முறைப்படி விற்று உத்தரவாதம் தருவது. இரண்டாவது வேறு நாட்டுச் சரக்கை வியாபாரிகள் கொண்டுவருவது. எக்ஸ்பாக்ஸ் இருக்கிறதா என்றேன்.

"கேட்டா எடுத்துக் குடுப்பேன். ஏ.பி. செட்டுதான். கெட்டுப்போச்சுன்னா நான்தான் வாரண்டி." தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார்.

2014 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன்னை இரண்டாம் தவணையாகப் பல நாடுகளில் வெளியிட்டது. பட்டியலில் சிங்கப்பூர் உண்டு, இந்தியா உண்டு, மலேசியா இல்லை. பாலத்தின் ஒரு முனையில் கடையில் அடுக்கி விற்ற பொருள் மறுமுனையில் தெரிந்தவரிடம் சொல்லி வாங்க வேண்டியதாயிற்று. 2022இல்தான் மலேசியா உள்ளிட்ட ஐந்து தென்கிழக்காசிய நாடுகளுக்கு எக்ஸ்பாக்ஸின் மாதச் சந்தா வந்தது. அதுவும் கணினிக்கு மட்டும். எக்ஸ்பாக்ஸ் மோசமான பெட்டி என்று இங்கே யாரும் சொல்லவில்லை. கெட்டுப்போனால் எங்கே கொண்டுபோவது என்பதுதான் கேள்வி.

பணம் இருந்தும் எடுபடாத ஊரும் உண்டு. ஜப்பானில் 2002 பிப்ரவரியில் முதல் எக்ஸ்பாக்ஸ் இறங்கியது. அமெரிக்கக் கைக்குச் செய்த தடிமனான கண்ட்ரோலரை ஜப்பானுக்காகச் சின்னதாக்கிக் கொடுத்தார்கள். அப்படியும் அங்கே அதன் ஆயுளில் ஐந்து லட்சம்கூட விற்கவில்லை. ஜப்பானியர் விரும்பிய விளையாட்டுகளைச் செய்யும் நிறுவனங்கள் சோனியோடும் நிண்டெண்டோவோடும் இருந்தன.

பிரேசில் கதை இதற்கு நேர் எதிர். அங்கே இறக்குமதி வரி கழுத்தை நெரிக்கும். பிளேஸ்டேஷன் 4 வந்தபோது 3,999 ரியால், அன்றைக்கு 1,800 டாலருக்கு மேல். ஆனால் செகாவின் பழைய மாஸ்டர் சிஸ்டம் அங்கே பல தலைமுறைக்கு ஓடியது. காரணம், 1987இல் தொடங்கிய டெக்டாய் என்ற உள்ளூர் நிறுவனம் அதை அங்கேயே செய்து விற்றது. ஜப்பானிய விளையாட்டின் நாயகனை எடுத்துவிட்டு, பிரேசில் பிள்ளைகளுக்குப் பிடித்த மோனிகா என்ற சித்திரக்கதைச் சிறுமியை உள்ளே வைத்தது. செகா உலகமெல்லாம் தோற்றுப்போன பிறகும் பிரேசிலில் தோற்கவில்லை.

நம் கதைக்கு வருகிறேன். பிளேஸ்டேஷன் 2 காலத்தில் சோனியின் வரைபடம் விசித்திரமானது. அதில் மலேசியாவும் சிங்கப்பூரும் ஜப்பானிய முறையோடு சேர்ந்தவை, இந்தியா ஐரோப்பாவோடு. ஒன்றின் வட்டு மற்றதில் ஓடாது. மலேசியத் தொலைக்காட்சி ஒளிபரப்போ அன்று நம்மைப் போல பால் (PAL) என்ற ஐரோப்பிய முறை. பெட்டி மட்டும் ஜப்பானின் என்.டி.எஸ்.சி. அப்படியிருக்க, சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போய்ச் சரக்கு கொண்டுவந்த குருவிகளின் பையில் சென்னைக்கு வந்த பெட்டிகள் ஜப்பானிய முறைப் பெட்டிகள். கடையில் ரசீதோடு விற்றவை ஐரோப்பிய முறை. பஜாரில் சிப் போட்டவர்களுக்குத்தான் இரண்டும் ஒன்று. விஜய் 2008இல் குருவியாகவே ஒரு படம் நடித்தார், அதுவும் மலேசியாவுக்குப் போகிற குருவி. அந்தத் தொழில் சென்னையில் அவ்வளவு தெரிந்த தொழில்.

மலேசியாவில் அன்று எல்லோரும் ஆடியது ஜப்பானிய வட்டில் வந்த வின்னிங் லெவன் கால்பந்து. பந்து விளையாட்டுக்கு இரண்டு கண்ட்ரோலரும் ஒரு டிவியும் வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து கேலி பேச ஆள் வேண்டும். பிளேஸ்டேஷன் அதற்குத் தோதாக அமைந்தது. நம் பையன்களுக்குக் கிரிக்கெட் வேண்டும். பெரிய நிறுவனம் ஒன்று கடைசியாகச் செய்து கைவிட்ட கிரிக்கெட் 07ஐ, ஆட்டக்காரர் பெயரும் சட்டை நிறமும் மாற்றி மாற்றி இன்றும் கணினியில் ஆடுகிறார்கள். இந்தியாவில் பெட்டி பரவாததற்கு விலையும் வரியும் காரணம் என்பார்கள், 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது கேம் பெட்டிக்கு 28 விழுக்காடு போட்டார்கள், வாஸ்தவம். ஆனால் ஆசைப்படும் கிரிக்கெட் இல்லாத பெட்டியை எந்த அப்பா வாங்கிக் கொடுப்பார்?

கூலாய்

வடக்கே போகும் நெடுஞ்சாலையில் இரண்டு பக்கமும் செம்பனை. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் வரிசை பிசகாமல் ஓடுகிறது. நம் பனைபோல நிமிர்ந்து நிற்காது. மட்டைகள் தாழ்ந்து கிடக்கும், அடியில் எப்போதும் அரையிருட்டு. மதியம் மூன்று மணிக்கு மழை, நாலரைக்கு வெயில்.

கூலாயில் செம்பனைக்கு நடுவே ஜன்னலில்லாத நீண்ட கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. தரவு மையங்கள். கூலாய் யங் தோட்டம் என்று பெயர் பெற்ற 664 ஹெக்டேரை ஒய்.டி.எல். வாங்கியது. 2023 டிசம்பரில் என்விடியாவோடு சேர்ந்து செயற்கை நுண்ணறிவுக்கான மையம் அமைக்கப்போவதாக அறிவித்தார்கள். என்விடியா 1993இல் தொடங்கியதே கணினி விளையாட்டுப் படத்துக்கான சிப் செய்ய. நிண்டெண்டோ ஸ்விட்ச் உள்ளே இருப்பதும் அவர்கள் சிப்தான். இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே மண்ணில் குளிரூட்டி பழுதுபார்க்கிறார்கள், காவலுக்கு நிற்கிறார்கள்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் வீட்டில் தேநீர். வகுப்பில் கேம் பெட்டி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். "பெட்டியா? விரல் விட்டு எண்ணலாம் ஐயா. கைப்பேசி இல்லாத வீடு இருக்கான்னு கேளுங்க." பையன்கள் வாயில் ஓயாமல் புரள்வது மொபைல் லெஜண்ட்ஸ். 2016இல் வந்தது, விலை கிடையாது, மலிவான கைப்பேசியிலும் ஓடும். 2024இல் ரியாதில் நடந்த அதன் இடைப்பருவக் கோப்பையை சிலாங்கூர் ரெட் ஜெயண்ட்ஸ் வென்றபோது, உதைபந்துக் கோப்பை வாங்கிய மாதிரி பள்ளியில் கூத்தடித்தார்களாம்.

ஆசிரியரின் தலைமுறை வேறு. அவர் காலத்தில் சி.சி. என்று சொன்ன கணினிக் கடைகள்தான் எல்லாம். மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து கவுண்டர் ஸ்டிரைக், டோட்டா. தென்கொரியாவும் சீனாவும் இதே பாதையில் போனவை, ஆனால் அரசு ஆணையால். கொரியாவில் ஜப்பானியப் பண்பாட்டுப் படைப்புகளுக்கு இருந்த தடை 1998 முதல்தான் படிப்படியாகத் தளர்ந்தது. அதுவரை நிண்டெண்டோ பெட்டியை ஹூண்டாயும், செகா பெட்டியை சாம்சங்கும் வேறு பெயர் வைத்து விற்றன. சீனா 2000இல் கேம் பெட்டிகளையே தடைசெய்து 2014 வரை வைத்திருந்தது. ஒரு தலைமுறை முழுவதும் கணினியில் பழகிய பிறகு தடையை எடுத்தார்கள், பெட்டி ஓரமாகத்தான் உட்கார முடிந்தது. மலேசியாவில் தடை ஏதும் இல்லை. தடை செய்த வேலையை இங்கே மணிக்கணக்குக் கட்டணம் செய்தது.

நம் ஊர் பிளேஸ்டேஷன் 2 வாடகைக் கடைகளும் அந்த மணிக்கணக்கில்தான் பிழைத்தன. மற்ற நாடுகள் அந்தப் பெட்டியை மறந்த பிறகும் இந்தியாவில் அதற்குப் புதிய வட்டுகள் வந்துகொண்டிருந்தன. 2009இல் அனுமன், 2011இல் ரா.ஒன், 2013இல் டான் 2. அனுமன் ஹைதராபாதில் செய்தது. பிளேஸ்டேஷனுக்கு முழுக்க இந்தியாவிலேயே உருவான முதல் விளையாட்டு. ஆடுவதற்கு நன்றாக இருந்ததா என்று கேட்காதீர்கள்.

குளுவாங்

பழைய ரயில் நிலையத்துக் காப்பி, 1938இல் தொடங்கிய வியாபாரம். கரியடுப்பில் சுட்ட ரொட்டிக்கு நடுவே தேங்காய்ப்பால் காயாவும் ஒரு துண்டு வெண்ணெயும். வாழையிலைப் பொட்டலத்தில் நாசி லெமாக், நம் ஊர் ரயிலடிச் சாம்பார் சாதப் பொட்டலத்தில் பாதி அளவு. காப்பி கருப்பு, கெட்டி, நம் டிகாக்‌ஷன் குடித்த நாக்குக்குக் கொஞ்சம் கருகல்.

அங்கே ஒரு சீனக் குடும்பத்துச் சிறுமி ஸ்விட்ச் வைத்து ஆடிக்கொண்டிருந்தாள். இங்கே பொது இடத்தில் நான் பார்த்த ஒரே கேம் பெட்டி அதுதான். ஜப்பானில் இந்தக் காட்சி சாதாரணம். ஸ்விட்ச் அங்கே மட்டும் மூன்று கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. வீடு சிறியது, ரயில் பயணம் நீளமானது, டிவிக்கு முன்னால் மூன்று மணிநேரம் உட்கார இடமும் இல்லை நேரமும் இல்லை. ஜொகூரில் எல்லோரும் காரில் அல்லது மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்த கையில் ஸ்விட்ச் எப்படிப் பிடிப்பது?

நிண்டெண்டோவும் இந்தப் பக்கத்தை நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை. மலேசியாவுக்கென்று இணையக் கடையை அது திறந்தது 2025இல்தான். அதுவரை அமெரிக்கக் கணக்கோ ஜப்பானியக் கணக்கோ தொடங்கி, கடையில் அந்தந்த நாட்டுக் கார்டு வாங்கிச் சமாளித்தார்கள். அதே ஆண்டு ஸ்விட்ச் 2 ஜப்பானில் இரண்டு விலையில் வந்தது. ஜப்பானிய மொழி மட்டும் தெரிந்த பெட்டி 49,980 யென், எல்லா மொழியும் பேசும் பெட்டி 69,980 யென். யென் மலிவாகிவிட்ட காலத்தில் வெளிநாட்டு வியாபாரிகள் அள்ளிக்கொண்டு போகாமல் இருக்க மொழியையே பூட்டாகப் போட்டுவிட்டார்கள். இந்தியாவில் இன்றும் ஸ்விட்ச் முறைப்படி அறிமுகமாகவில்லை. கிடைப்பதெல்லாம் இறக்குமதிச் சரக்கு.

மூவார்

ஆயர் ஹீத்தாமில் பீங்கான் கடைகளைத் தாண்டி, மேற்கே கடல் பக்கம் திரும்பினால் மூவார். ஆறு அகலமாக, தேநீர் நிறத்தில் ஓடுகிறது. இந்த ஊரில் காலையில் சாத்தே சாப்பிடுகிறார்கள். மற்ற ஊர்களில் இரவுச் சந்தையில் புகையும் இறைச்சிக் குச்சி இங்கே எட்டு மணிக்கே கரியில் வாட்டப்படுகிறது. பக்கத்திலேயே ஓலையில் மடித்துச் சுட்ட ஓத்தாக் ஓத்தாக், மீன் மணக்க. காலையில் இட்லி தின்று வளர்ந்த வயிறு முதலில் தயங்கியது, இரண்டாவது குச்சிக்குப் பிறகு மறந்துவிட்டது.

தெரிந்தவர் ஒருவரின் அக்கா வீடு ஊருக்கு வெளியே ஒரு தாமான் குடியிருப்பில். மூவார் மரச்சாமானுக்குப் பேர்போன ஊர். வீட்டுக்காரர் அந்தத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். கூடத்தில் டிவிக்குக் கீழே பிளேஸ்டேஷன் 4, மேலே தூசி படாமல் பூவேலை செய்த துணி. மூத்த மகன் சிங்கப்பூரில் வேலை பார்த்து அங்கேயே வாங்கி வந்தது. அவன் மாதத்துக்கு ஒருமுறை வந்தால் துணி விலகும். கடைக்குட்டிக்குப் பத்து வயது. உப்பின் இப்பின் யுனிவர்ஸ் வேண்டுமென்று அடம்.

உப்பின் இப்பின் மலேசியாவே பார்க்கும் கேலிச்சித்திரத் தொடர்; கம்பத்து (கிராமத்து) இரட்டைப் பையன்கள், உடன் ராஜு என்ற தமிழ்ப் பையன், கடை வைத்திருக்கும் முத்து அங்கிள். 2025 ஜூலையில் அதன் விளையாட்டு பிளேஸ்டேஷனுக்கும் ஸ்விட்சுக்கும் கணினிக்கும் வந்தது. டெக்டாயின் மோனிகா செய்த வேலையை உப்பின் இப்பின் இங்கே செய்யும் என்று பார்த்தால், வந்த நாளிலேயே விலையைப் பற்றிச் சண்டை எழுந்தது. கதையைக் கைப்பேசியில் இலவசமாகப் பார்க்கிற பிள்ளைகளுக்கு, விலை கூடிய பெட்டியில் விளையாட்டு. அம்மா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: "போன்ல வரட்டும், வாங்கித் தரேன்."

கடைக்குட்டி சேர்த்து வைத்த ரிங்கிட்டுக்கு ஏற்கெனவே ஒரு பிளேஸ்டேஷன் கார்டு வாங்கியிருந்தான். அது ஓடவில்லை. அண்ணன் தொடங்கியது சிங்கப்பூர்க் கணக்கு. மலேசியக் கார்டை அது ஏற்காது. கூடத்தின் நடுவே பாலமும் குடிநுழைவும் வந்து நின்றுவிட்டன.

ஆகவே ஜொகூரில் பெட்டி வாங்கி ஊருக்குக் கொண்டுவர நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மலேசியா செட்டா ஏ.பி. செட்டா என்று விலைக்கு முன்னால் கேளுங்கள். உத்தரவாதம் இந்தியாவில் செல்லாது என்று எண்ணிக்கொண்டே வாங்குங்கள். வட்டு போடும் பெட்டியாக வாங்கினால் ஆடி முடித்ததைக் கைமாற்றலாம். கணக்கைத் தொடங்கும்போது பிள்ளைகளைக் கேட்காமல் இந்தியா என்றே போடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் வங்கி அட்டையைக் கடை ஏற்காது. சுங்கத்தில் காட்ட ரசீது கையில் இருக்கட்டும். பிளக் மூன்று செவ்வக முனை, நம் சுவரில் நுழையாது. பிளேஸ்டேஷன் 5இன் கம்பி தனியாகக் கழன்று வரும், ஊரில் கிடைக்கும் கம்பியை மாட்டிக்கொள்ளலாம்.